பலகையர் பார்க்கப்போன ஊர்

எங்கள் கோயில் தேர் சேற்றில் புதைந்த வருசம் என்று சொன்னால் இந்த டேனிஷ்காரர் நாட்டில் ஹொல்ஸ்டெப்ரோப் பக்கத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். கொரோனாவால் கொட்டகைக்குள்ளேயே நின்ற தேர் மறுபடி வீதிக்கு வந்த முதல் வருசம் அது. பலகையரை நான் கண்டது அன்றைக்குத்தான்.

கோயில் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு பழைய தச்சுப் பட்டறை. அதை வாங்கி, கூரை மாற்றி, உள்ளே சுவாமியை வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம், மறுபக்கம் பன்றிப் பண்ணை. காற்று பண்ணைப் பக்கமிருந்து வந்தால் சாம்பிராணியைக் கொஞ்சம் கூடப் போடுவோம். அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. இந்த மேற்குப் பக்கத்து மழை மேலேயிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து வந்து காதுக்குள் அடிக்கும். வேட்டிக்கு மேல் தொழிற்சாலை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வடம் பிடித்தோம்.

தேர் நல்லபடியாகத்தான் போனது. வழியில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா அருச்சனைத் தட்டோடு இருந்தா. சுவாமி அவவுக்கு நேரே முகம் காட்டவேண்டும் என்று ஐயர் சொன்னார். தேரைக் கொஞ்சம் திருப்பினோம். வெளிச்சக்கரம் தார்வீதியை விட்டுப் புல்லில் இறங்கியது. புல்லுக்குக் கீழே களி. அவ்வளவுதான், அச்சுவரை போய்விட்டது.

“இழுங்கோ! அரோகரா சொல்லி இழுங்கோ!”

“இழுக்க இழுக்க உள்ளுக்கெல்லோ போகுது அண்ணை. இன்னும் இழுத்தா யாழ்ப்பாணத்திலதான் வெளியில வரும்.”

“நகரசபைக் கந்தோருக்கு ஒரு ஃபோன் அடிச்சுப் பாருங்கோவன்.”

“ஞாயிற்றுக்கிழமையில சுவாமியே அடிச்சாலும் அவங்கள் ஃபோன் தூக்கமாட்டாங்கள்.”

ஐயர் தேருக்கு மேலே நின்றபடி, “நான் இறங்கவோ, இருக்கவோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது தோட்டத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தள்ளுவண்டியில் தடித்த பலகைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். நீலத் தொழில் உடுப்பு, மரச்செருப்பு. வந்தவர் புதைந்த சக்கரத்தைப் பார்க்கவில்லை. தேரைத் தாண்டி முன்னால் நடந்து போனார். வீதி சரிந்து இறங்குகிற இடத்தில் நின்று பார்த்தார். அங்கேதான் மேளகாரர் தவிலைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார்கள், காவடி எடுத்த பிள்ளைகளும் நின்றார்கள். திரும்பி வந்து, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்:

“இது வெளியில வந்தா எங்கை போய் நிக்கும் எண்டு பாத்தனியோ?”

அவர் பேசியது டேனிஷ். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன். இந்த நாட்டில் எல்லோருக்கும் ‘நீ’தான், ஆகவே மரியாதைக் குறைவென்று எடுக்கவேண்டாம். என்னுடைய டேனிஷும் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டி வெட்டிப் படித்த டேனிஷ்.

“முதல்ல வெளியில வரட்டும்,” என்றேன்.

“முன்னுக்கு நிக்கிற ஆக்கள் விலகாட்டி நான் பலகை வைக்கமாட்டன்.”

விலக்கினோம். தவில்காரருக்கு அது பிடிக்கவில்லை. “வெள்ளைக்காரன் சொல்லியோ நான் இடம் மாறுறது?” என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். கிழவர் சக்கரத்துக்கு முன்னால் பலகையைச் சொருகி, வடத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, தன் குரலுக்கு எல்லோரும் ஒன்றாக இழுக்கவேண்டும் என்றார். அவர் கத்தியது என்ன சொல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாங்கள் அதற்கு அரோகரா என்றோம். தேர் ஒரு குலுக்குக் குலுக்கி வெளியே வந்தது. வந்த வேகத்தில் நிற்காமல் சரிவில் உருண்டது. வடம் பிடித்தவர்கள் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாய்ந்தார்கள். மேளகாரர் நின்ற இடத்துக்குச் சரியாகப் போய்த்தான் அது நின்றது.

தவில்காரர் அந்த இடத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “அண்ணை, அருச்சனை ஆருக்குச் செய்யிறது, சுவாமிக்கோ உவருக்கோ?” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அவர் பலகையர். அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது, நான் அதை இங்கே சொல்லப்போவதில்லை. எப்படி இழுக்கப் பழகினாய் என்று கேட்டதற்கு, “இளவயசில ஆமியில பீரங்கி இழுத்தனான். அது இதைவிடப் பாரம். மேல சாமியும் இல்லை,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டோம். நானும் பென்சன், அவரும் பென்சன். என் வீட்டிலிருந்து அவர் வீடு சைக்கிளில் போகிற தூரம். பகலில் போனால் மரக்கொட்டிலில் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பார். எதைச் செய்வதென்றாலும் செய்வதற்கு முதல் அது எங்கே போய் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் செய்வார். கூரையில் பனி தள்ளுவதென்றால் முதலில் கீழே இறங்கி வேலியைச் சுற்றி நடந்து, பூனை படுத்திருக்கிறதா என்று பார்ப்பார். திரும்ப ஏறுவார். ஏறினபிறகு சந்தேகம் வந்தால் திரும்ப இறங்குவார். அதற்குள் பனி தானாகவே உருகிவிடும் என்று அவருடைய மனுசி சொல்லுவா.

ஒருமுறை கோயிலில் சிதறுதேங்காய் அடிக்கிறதைப் பார்க்க வந்தார். எங்களுக்கு அது உடைந்தால் போதும். அவருக்குச் சிரட்டைத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்க்கவேண்டும். கல்லைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து, செருப்பில்லாமல் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் விட்டார். எங்கள் ஆட்கள் கோபிக்கவில்லை, “பலகையர் பாதுகாப்பு மந்திரி” என்று சிரித்தார்கள். என் மனைவி கொதிக்கிற எண்ணெய்க்குள் செத்தல் மிளகாய் போடுகிற நேரம் அவர் குசினி வாசலில் நின்றால், அவவும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுவா.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் மகன் இஷொய்யில் இருக்கிறான். கொப்பன்ஹேகன் பக்கம். ஒருநாள் அவனோடு ஃபோனில் பெரிய வாக்குவாதம், நான் தமிழில் கத்துகிறேன், அவன் டேனிஷில் கத்துகிறான். பலகையர் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது. ஃபோனை வைத்தபிறகு கேட்டார்: “அது விழுந்த இடத்தைப் பாத்தனியோ?” நான் உடனே திரும்ப ஃபோன் எடுத்தேன்.

பீரங்கிக் கதையை அவர் அதிகம் கதைப்பதில்லை. நான்தான் கதைப்பேன். எங்கள் ஊரில் சண்டை தொடங்கின காலம், ஆமி முகாமிலிருந்து ஷெல் அடிப்பார்கள். முதலில் தூரத்தில் ‘குத்’ என்று ஒரு சத்தம். அது கிளம்புகிற சத்தம். பிறகு ஒன்றும் இராது. அந்த ஒன்றும் இல்லாத நேரம்தான் நேரம். சமைத்துக்கொண்டிருக்கிறவ அகப்பையோடு அப்படியே நிற்பா. பிறகு எங்கேயோ விழும். எங்கள் வீட்டில் விழவில்லை என்றால், அதுவரை விட்ட இடத்திலிருந்து கிண்டுவா. ஒருநாள் எங்கள் வீட்டிலேயே விழுந்தது. அதில் என் தமக்கை போனா. இதைப் பலகையருக்குச் சொன்னபோது அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

“எனக்குக் கிளம்புற சத்தம் மட்டும்தான் தெரியும்,” என்றார். “நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு நிப்பம். விழுற சத்தம் எங்களுக்குக் கேக்கிறேல்லை. அவ்வளவு தூரம்.”

உக்ரைன் சண்டை தொடங்கினபிறகு டிவியில் அடிக்கடி ஒரு ஆள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, ரஷ்யாக்காரன் அணுகுண்டு போட்டாலும் போடுவான், ஆனால் அது சின்னது, சண்டை நடக்கிற இடத்துக்கு மட்டும் என்று விளங்கப்படுத்துவார். பலகையர் எழும்பிப்போய் டிவியை நிறுத்துவார். “சின்னதாம். விழுற இடத்தில நிண்டுகொண்டு சொல்லட்டும்,” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தில் போய் நிற்பார். அப்போதெல்லாம் நான் அதைக் கிழவர்களுக்கு வருகிற எரிச்சல் என்றுதான் நினைத்தேன்.

முட்டைக் கதைக்கு வருகிறேன். செப்டெம்பர் மாதம் ஒருநாள் பலகையரின் மனுசி எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து தந்தா. அடுத்த செப்டெம்பரும் தந்தா. “நாங்கள் சாப்பிடுறேல்லை,” என்றா. என் மனைவி வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பொரித்தா. பலகையரின் மனுசி நல்ல உயரம், சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அந்த முட்டையைத் தருகிற நேரம் மட்டும் சிரிக்கமாட்டா.

அதற்கு அடுத்த வருசம் பலகையருக்குக் கண் மங்கிவிட்டது. இனிக் கார் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஓகஸ்ட் முடிய என்னிடம் வந்து, தெற்கே ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டார். சரி என்றேன். போகிற அன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன், அவர் முதலே என் காரில் ஏறி இருந்துவிட்டார். நான் சப்பாத்துப் போடுகிற நேரம் மனுசி வாசலுக்கு வந்தா.

“இந்த முறை நீ போறாய். அப்ப நீ அவளைப் பாப்பாய்.”

“ஆரை?”

“முட்டைக்காரியை.”

நான் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றேன். அவ சத்தம் போடாமல், ஆனால் வேகமாகச் சொன்னா. கலியாணம் கட்டின வருசத்திலிருந்து ஒவ்வொரு செப்டெம்பரும் ஒருநாள் அவர் தனியாகப் போகிறார். முதலில் சைக்கிளும் ரயிலும், பிறகு கார். பொழுதுபட வருவார், கையில் ஒரு பெட்டி முட்டை. வந்தால் அன்றிரவு கதைக்கமாட்டார்.

“கேக்கேல்லையோ?” என்றேன்.

“ஒருக்காக் கேட்டன். சொல்ல ஏலாது எண்டார். சும்மா காத்து வாங்கப் போனனான் எண்டு ஒரு பொய் சொல்லியிருந்தா விட்டிருப்பன். சொல்ல ஏலாது எண்டார், பார்.” கதவில் இல்லாத தூசியைக் கையால் தட்டினா. “எனக்கு இப்ப கோபம் இல்லை. கிழவியாப் போனன். ஆனாத் தெரியோணும். நான் செத்தா அவர் அங்கை போயிடுவாரோ எண்டு தெரியோணும். பாத்திட்டு வந்து சொல்லு.”

மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போனேன்.

தெற்கு எல்லைப் பக்கமாக நீண்ட ஓட்டம். பலகையர் மடியில் கோப்பிக் குடுவையை வைத்துப் பிடித்திருந்தார். அறுவடை முடிந்த வயல்கள். காற்றாடிகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. நான் மனதுக்குள் அந்தப் பொம்பிளையை நினைத்துப் பார்த்தேன். வயது போனவவாகத்தானே இருப்பா, அவவுக்கு என்ன சொல்லி வணக்கம் வைப்பது என்றெல்லாம் யோசித்தேன்.

போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன ஊர். நாற்சந்தி. வெள்ளைச் சுவர் வைத்த சேர்ச். மூடிப்போன ஒரு கடை. பிள்ளைகள் பந்தடிக்கிற புல்வெளி. நாற்சந்திக்குப் பக்கத்து வீட்டு வேலியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் முட்டை. எடுக்கிறவர் தகரப் பேணிக்குள் காசைப் போட்டுவிட்டு எடுக்கவேண்டியதுதான், விற்க ஒருவரும் நிற்பதில்லை. பலகையர் ஒரு பெட்டி எடுத்தார், காசு போட்டார். அந்த வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் குதிக்கிற வலைக்கட்டில் ஒன்று. கொடியில் கட்டில் விரிப்புகள் காய்ந்தன. அவர் அந்தக் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பஸ் நிற்கிற இடத்து மரவாங்கில் போய் இருந்து, கொண்டுவந்த பாணைப் பிய்த்து எனக்கும் ஒரு துண்டு தந்தார்.

“அவ எங்கை?” என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆர்?”

“நீ பாக்க வந்த ஆள்.”

அவர் பாணை மென்று விழுங்கினார். “எல்லாரையும்தான் பாக்க வந்தனான்,” என்றார்.

பிறகுதான் சொன்னார். அவர் வைத்திருந்தது எட்டு அங்குலக் குழாய்ப் பீரங்கி. அதன் குண்டை ஒரு ஆள் தூக்க முடியாது. தட்டில் வைத்து, சேர்ந்து காவிக்கொண்டுபோய்க் குழாய்க்குள் தள்ளவேண்டும்.

“அமெரிக்காக்காரன் முதல்ல செய்த அணுகுண்டு பிளேனில மட்டும்தான் போகும். பிறகு அதைச் சின்னனாக்கிச் சின்னனாக்கிப் பீரங்கிக்குள்ள போறமாதிரிக் கொண்டுவந்திட்டாங்கள். தங்கட பாலைவனத்தில சுட்டுப் பாத்த படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினவங்கள். தூரத்தில ஒரு வெளிச்சம், பிறகு ஒரு மரம் மாதிரிப் புகை. எங்கட பெடியள் கைதட்டினவங்கள். நானும் தட்டினனான்.”

“உங்கட நாட்டிலயும் அந்தக் குண்டு இருந்ததோ?”

“இல்லை. சண்டை இல்லாத காலத்தில இந்த மண்ணில அதை வைக்கவிடமாட்டம் எண்டு எங்கட அரசாங்கம் சொல்லிப்போட்டுது. குழாய் எங்களிட்டை. குண்டு எல்லைக்கு அங்காலை அமெரிக்கரிட்டை. சண்டை வந்தாத் தருவினமாம். நாங்கள் அதே பாரத்தில ஒரு பொய்க்குண்டை வைச்சுக்கொண்டு பழகினம்.”

“ஆருக்கு அடிக்க?”

“ரஷ்யாக்காரனுக்கு.”

“ரஷ்யா எங்கை, இது எங்கை?”

“அதுதான்,” என்றார். “எங்கட பீரங்கி அவ்வளவு தூரம் அடிக்காது. அடுத்த டவுன் மட்டும்தான். அப்ப அவன் எங்கட வீட்டுக்குள்ள வந்தபிறகுதான் அடிக்கலாம். அவன் வந்தா இந்த ரோட்டாலதான் வருவான்.” கையிலிருந்த பாணால் நாற்சந்தியைக் காட்டினார். “வரைபடத்தில வட்டம் போட்டுத் தந்தவங்கள். நான் கணக்குப் போட்டுக் குழாயைத் திருப்பினது இஞ்சைக்கு.”

முட்டைப் பெட்டி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. சேர்ச்சுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனா. எங்களைப் பார்த்துத் தலையாட்டினா.

“அங்கை ஆர் இருக்கினம் எண்டு ஒஃபிசரிட்டைக் கேட்டன். அந்த நேரம் அங்கை ஒருத்தரும் இருக்கமாட்டினம் எண்டான். எங்கை போயிருப்பினம் எண்டு கேட்டன். அது உன்ரை வேலை இல்லை எண்டான். லீவு கிடைச்ச உடனை சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஒருத்தரும் இருக்கமாட்டினமோ எண்டு பாக்க. அந்த முற்றத்தில ஒரு மனுசி விரிப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டா. நான் வழி தவறி வந்திட்டன் எண்டு நினைச்சு உள்ளுக்குக் கூப்பிட்டுப் பால் தந்தா. போகேக்க, அம்மாவுக்குக் குடு எண்டு முட்டையும் தந்துவிட்டா. என்னத்தைச் சொல்லுறது அவவுக்கு? வாய் திறக்கிறேல்லை எண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கியிருந்தவங்கள். சத்தியம் இல்லாட்டியும் என்னத்தைச் சொல்லுறது?”

பால் தந்த மனுசி எப்போதோ செத்துப்போனா. வீடு கைமாறிவிட்டது. அதற்குப் பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். கொடியில் துணி காய்ந்தால் ஆட்கள் இருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போவார்.

நான் முட்டைப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினேன். பிறகு சொன்னேன்: “எங்கட வீட்டுக்கு அடிச்சவன் ஒருநாளும் வந்து பாத்ததில்லை.”

“வந்திருந்தா?”

“தெரியாது. தேத்தண்ணி குடுத்திருப்பமோ, வெட்டியிருப்பமோ, தெரியாது. ஆனா வந்திருக்கலாம்.”

அவர் என் முழங்காலில் கையை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

திரும்பி வருகிற வழியில்தான் எனக்குப் பலகையருடைய மனுசியின் முகம் ஞாபகம் வந்தது. “உன்ரை மனுசி இந்த முட்டையைச் சாப்பிடுறேல்லை, தெரியுமோ?”

“முட்டை அவளுக்கு ஒத்துவராது.”

“போன கிழமை எங்கட வீட்டிலயிருந்து வாங்கின முட்டையிலதான் அவ கேக் அடிச்சவ. நீயும்தானே திண்டனீ? அவவுக்கு ஒத்துவராதது உந்தப் பெட்டிதான். நீ இஞ்சை ஒரு பொம்பிளை வைச்சிருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. கலியாணம் கட்டின நாளிலயிருந்து.”

அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. “சத்தியம் வாங்கினவங்கள்,” என்றார். “இனிச் சொல்லலாம் எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை.”

“அந்தப் பீரங்கி இப்ப எங்கை?”

“பழைய இரும்புக்குப் போயிட்டுது.”

“பீரங்கியே போயிட்டுது. நீ பேசாமல் இருந்தது எங்கை போய் விழுந்தது எண்டு பாத்தனியோ?”

அவருடைய கேள்விதான். நான் திருப்பிக் கேட்டேன், அவ்வளவுதான். அவர் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் வயலோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மழை தூறத் தொடங்கினபிறகும் நின்றார். நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மனுசி குசினி மேசையில் இருந்தா. என் முகத்தைத்தான் முதலில் பார்த்தா. நான் வாயைத் திறப்பதற்குள் பலகையர், தொப்பியும் கழற்றாமல், முட்டைப் பெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குழாய், பொய்க்குண்டு, வட்டம், கொடி, பால். சொல்லி முடிக்கும்வரை அவ அசையவில்லை.

“அவள் வடிவோ?” என்று கேட்டா.

“ஆர்?”

“பால் தந்தவள்.”

“அவவுக்கு என்ரை அம்மாவின்ரை வயசு.”

“சரி.” பிறகு அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவ்வளவு காலமும் நான் ஒரு கோழியோடை கோபமா இருந்திருக்கிறன்!” அடுத்த வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவவும் சட்டென்று நிறுத்தினா.

“பொம்பிளை எண்டா நல்லாயிருந்திருக்கும்,” என்று மெதுவாகச் சொன்னா. “நீ தனியக் கிடந்து பயந்திருக்கிறாய், மடையா.”

எழும்பி அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினா. அடுப்பில் தண்ணி வைத்தா. முட்டையை ஒவ்வொன்றாகக் கரண்டியில் வைத்து இறக்கினா. மேசையில் மூன்று முட்டைக் கிண்ணம், உப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் வைத்துவிட்டு, தன்னுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கரண்டியால் தட்டி உடைத்து, முழுவதையும் சாப்பிட்டா.

“நல்ல முட்டை,” என்றா.

போன வருசம் செப்டெம்பரில் மூன்று பேருமாகத்தான் போனோம். மனுசி வாங்கில் இருக்கவில்லை. நேரே வேலிக்குப் போய், அந்த வீட்டு இளம் பெண்ணோடு கோழியைப் பற்றியும் துணி காய்கிற காற்றைப் பற்றியும் கதைத்துக்கொண்டு நின்றா. பலகையர் தூரத்திலிருந்து பார்த்தார். “இவையளுக்கும் சொல்லோணும்,” என்றார். “வணக்கம், நான்தான் உங்களை எரிக்க இருந்தவன் எண்டு எப்பிடித் தொடங்குறது?” அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தார். போன மாரியில் மார்புச்சளி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

செத்தவீட்டுக்குத் தவில்காரரும் வந்திருந்தார், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு. பலகைகளை மனுசி கோயிலுக்குத் தந்துவிட்டா. இந்த வருசத் தேருக்கு, வடம் பிடிப்பதற்கு முதல், முன்னால் ஒருவர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தவில்காரர் தானாகவே போனார். அவர் கையைக் காட்டியபிறகுதான் ஐயர் தேங்காயை உடைத்தார்.

எனக்கும் இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. அவ்வளவு தூரம் ஓட இயலாது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ஊரின் பெயரைச் சொல்லவேண்டாம் என்று மனுசி சொன்னா. வட்டம் போட்டது ஒரு ஊருக்கு மட்டும் இல்லையாம். ஆகவே எல்லைப் பக்கம் நாற்சந்தியும் சேர்ச்சும் உள்ள எந்த ஊருக்கு நீங்கள் போனாலும் பிழையில்லை. வேலியில் முட்டைப் பெட்டி இருந்தால் காசைப் போட்டு வாங்குங்கள். கொடியில் துணி காய்ந்தால் ஆள் இருக்கும், கூப்பிடுங்கள். இந்த ஊருக்குக் குழாயைத் திருப்பி வைத்திருந்த ஒரு மனிதர், நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்களா என்று வருசா வருசம் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று சொல்லுங்கள். அவருக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.